எந்த மொழி விஷமம்

என் மனைவி ஒருநாள் காலையில் ஒரு வாக்கியம் சொன்னாள். மொத்தம் ஐந்து சொல். அதில் நாலு சொல்லில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீதி ஒரு சொல்லை அவள் தமிழில் சொன்னாளா, மலையாளத்தில் சொன்னாளா என்பது தெரியாமல் பல மாதம் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். என் வயிற்றைப் பற்றியும் நிறைய வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வயிற்றைப் பற்றி நான் பேசாத நாள் கிடையாது. அதுதான் விஷயமே.

"எனக்குக் கொஞ்ச நாளா விஷமம் உண்டு" என்றாள்.

விஷமம் என்றால் எங்கள் ஊரில் குறும்பு. நாஞ்சில் நாட்டிலிருந்து பத்தொன்பது வயதில் மாமாவின் பைப் கடைக்கு வேலை பழக வந்தவன் நான். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எல்போ, டீ, கேட் வால்வு என்று குழாய்ச் சாமான்கள் விற்று முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. மலையாளம் தண்ணீர் மாதிரி பேசுவேன். ஆனாலும் சில சொற்கள் காதில் விழும்போது முதலில் தமிழாகத்தான் விழும். அவளோ இந்த ஊரிலேயே பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். சமையல், சண்டை, கணக்குவழக்கு எல்லாம் தமிழில் பேசுவாள். மனசு கொஞ்சம் கலங்கினால் மட்டும் சொல் மலையாளத்துக்குப் போய்விடும். மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம். மனசுக்கும் அதே சொல்தான், உடம்புக்கும் அதே சொல்தான். பெற்ற அம்மாவைப் பார்க்காத ஏக்கமும் விஷமம், வயிற்றில் ஏதோ சரியில்லை என்றாலும் விஷமம்.

கல்யாணமான முதல் வாரத்திலேயே இந்தச் சொல்லில் நாங்கள் முட்டிக்கொண்டோம். சாயங்காலம் கடையிலிருந்து வந்தேன். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றவள், எனக்கு விஷமமா இருக்கு என்றாள். அம்மா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் அவளுக்கு அது. நான் புது மாப்பிள்ளை, அதோடு பெரிய தமாஷ்காரன் என்று ஊரில் பெயர். வந்த வாரமே விஷமமா, இனி போகப் போக என்னவெல்லாம் செய்வாயோ என்று கேட்டேன். அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு புரிந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையை ஒரே சொல்லில் நிறுத்திவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்படி வெற்றி பெற்ற தமாஷை எவன் விடுவான்? இருபத்து நாலு வருஷம் அதையே ஓட்டினேன். அவள் அப்பா இறந்து பதினாறு முடிந்த மறுநாள்கூட, என்ன, விஷமமா என்று புருவத்தைத் தூக்கினேன். அன்றும் சிரித்தாள். அன்றும் கண்ணைத் துடைத்தாள். இரண்டில் எதற்கு முந்தானை போனது என்று நான் பார்க்கவில்லை.

இனி என் வயிறு.

மூன்று வருஷம் முன்னால் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு என் நெஞ்சில் புளித்த ஏப்பம் ஏறி நின்றது. மற்றவர்கள் என்றால் சோடா குடிப்பார்கள். நான் உயில் எழுத யோசித்தேன். மூன்று நாள் அது போகவில்லை. நாலாம் நாள் எனக்குக் குடலில் என்ன வியாதி, அது எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறது, என் படத்துக்கு எந்தச் சட்டம் போடுவார்கள் என்பது வரை கைப்பேசியில் பார்த்து முடித்துவிட்டேன். மனைவிதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வயிற்று டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் மலையாளி. அமைதியான மனிதர். என்னைப் படுக்கவைத்து, "வயற்றில் விஷமம் வல்லதும் உண்டோ?" என்று கேட்டார். வல்லதும் என்றால் ஏதாவது.

சாகப்போகிறவனுக்கு அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. "வயத்துல இல்ல டாக்டர், எனக்கு விஷமமெல்லாம் வாயிலதான்" என்றேன்.

அவர் சிரிக்கவே இல்லை. வாயைத் திறக்கச் சொன்னார். டார்ச் அடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கடைவாய்ப் பல் வரை பார்த்துவிட்டு, வாயில் ஒன்றும் இல்லையே என்று கவலையாகச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். நாற்காலி ஆடிய சத்தம் எனக்குக் கேட்டது.

எனக்கு வந்திருந்தது ஒன்றும் இல்லை. சாப்பாடு கீழே போகிற வழியில் ஒரு மூடி இருக்கிறதாம், அது கொஞ்சம் தளர்ந்திருக்கிறதாம். அதாவது நான்-ரிட்டர்ன் வால்வு லீக். தினம் நூறு பேருக்கு நான் விற்கிற சாமான். மாற்று வால்வு கிடையாது, உப்பும் புளியும் குறையுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்றார். ஏப்பத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். வயிறு உப்புகிறது என்று நான் விடாமல் புலம்பியதால் கடைசியில் ஒரு புரோபயாடிக் கேப்ஸ்யூலும் எழுதினார். நல்ல கிருமிகள், ஒரு மாதம் சாப்பிட்டுப் பாருங்கள், சிலருக்குக் கேட்கும் என்றார்.

ஒரு மாதம் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. ஆனால் ஏறவில்லை. உயிரோடு இருக்கிற கிருமி என்று சொன்னார் அல்லவா, அங்கேயே நான் நின்றுவிட்டேன். கோடிக்கணக்கில் உயிர்கள், என்னைக் காப்பாற்ற ஒரு சின்ன உறைக்குள் உட்கார்ந்திருக்கின்றன. திருவனந்தபுரம் வெயிலில் அவை செத்துவிட்டால்? வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் கதவில், முட்டை வைக்கிற குழிகளில் ஒவ்வொன்றாக வைத்தேன். சைவ வீட்டு ஃபிரிட்ஜில் அந்தக் குழிகள் அதுவரை எலுமிச்சம்பழத்துக்குத்தான் பயன்பட்டன.

காலை ஆறரைக்கு அலாரம். வெறும் வயிற்றில் ஒரு கேப்ஸ்யூல், ஒரு டம்ளர் இளஞ்சூட்டு வெந்நீர். வெந்நீர் இளஞ்சூடு தாண்டினால் உள்ளே போகிறவர்கள் வெந்துவிடுவார்கள் என்பதால் மனைவி விரல் தொட்டுப் பார்த்துக் கொண்டுவருவாள். அது முடிந்து ஏழேகாலுக்கு நான் குளியலறையிலிருந்து வெளியே வந்து அன்றைய தீர்ப்பை வாசிப்பேன். எவ்வளவு, எப்படி, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம். அவள் தோசைச் சட்டியில் எண்ணெய் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பாள். ஒரு மனுஷி தோசை வார்க்கும்போது கேட்கக்கூடாத எல்லாம் ஒன்றரை வருஷத்துக்கு மேல் கேட்டாள். ஒருநாளும் மூக்கைச் சுளித்ததில்லை. கொள்ளாமே, நல்லாயிருக்கே என்பாள். பரீட்சைப் பேப்பர் காட்டுகிற பிள்ளையிடம் சொல்வதுபோல.

ஒரு மழையில் தெரு முனையில் மரம் விழுந்து மத்தியானம் கரண்ட் போயிற்று. ராத்திரிக்குள் வராது என்றார்கள். நான் கடையிலிருந்து ஓடிவந்தேன். பக்கத்து வீட்டு டீச்சர் இன்வெர்ட்டர் வைத்திருந்தார், ஃபிரிட்ஜ் அதில் ஓடும். ரிட்டையர் ஆன மலையாளி டீச்சர், நல்ல மனசு. கேப்ஸ்யூல் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஃபிரிட்ஜைத் திறந்தால் கழுவி மசாலா தடவிய மத்தி மீன் ஒரு தட்டு நிறைய. நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "நிங்களுடெ கிருமிகள் வெஜிட்டேரியனா?" என்று டீச்சர் கேட்டார். அவசரத்துக்குப் பாவமில்லை என்று வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை கேப்ஸ்யூலை முழுங்கும்போது மீன் வாசனை அடித்ததாகச் சத்தியம் செய்தேன். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

நாகர்கோயிலில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் போக வேண்டிவந்தபோது இன்னும் மோசம். ஒரு பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, நடுவில் பாலித்தீன் உறையில் கேப்ஸ்யூல்களைத் தொங்கவிட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு ரயிலில் நின்றேன். நல்ல கூட்டம். ஒருவர் அது என்ன என்று கேட்டார். உள்ள உயிர் இருக்கு, சூடு படக்கூடாது என்றேன். யாருக்கோ பொருத்தக் கொண்டுபோகிற கண்ணோ கிட்னியோ என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சட்டென்று எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டார். நெய்யாற்றின்கரை தாண்டும் வரை அந்தப் பெட்டியில் ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. ஜன்னலோரம் இருந்த என் மனைவி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கூத்து ஒரு மலையாள மீன மாதத்தில், நம் பங்குனியில், முடிந்தது. மருந்துக்கடையில் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். கேப்ஸ்யூலோடு ஐஸ் பையும் கேட்டேன். எதற்கு என்றாள். சொன்னேன். அவள் அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் ஓரமாக அச்சடித்திருந்ததை விரலால் காட்டினாள். ஈரமில்லாத இடத்தில் அறையின் சூட்டிலேயே வைத்தால் போதும், ஃபிரிட்ஜ் வேண்டாம். ஒன்றரை வருஷம்! அட்டையின் மற்ற மூன்று பக்கத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தவன் நான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கன்னத்தில் கை வைத்து, அய்யோ, அப்படியா என்று ஆச்சரியப்பட்டாள். அன்றிலிருந்து டப்பா சாமி படத்துப் பக்கத்து அலமாரிக்கு மாறியது. இந்த மாதக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீனம்.

மீனத்துக்குப் பிறகு மேடம். மேடத்துக்குப் பிறகு இடவம். இடவப்பாதி மழை பிடித்த வாரம் எங்கள் ஒரே மகள் வீட்டை விட்டுப் போனாள். வெகுதூரம் ஒன்றுமில்லை, கழக்கூட்டம்தான். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தினம் பைபாஸ் நெரிசலில் போய்வந்து இடுப்பு போகிறது, கம்பெனி பக்கத்திலேயே ஹாஸ்டலில் இருந்துகொள்கிறேன் என்று கடைசிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு, வெந்நீர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, மனைவி சமையலறைக்குத் திரும்பாமல் நின்றாள். டம்ளர் பிடித்த ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே அந்த ஐந்து சொல்லைச் சொன்னாள்.

"எனக்குக் கொஞ்ச நாளா விஷமம் உண்டு."

நான் கேப்ஸ்யூலை நாக்கில் வைத்திருந்தேன். முழுங்கினேன். பிறகு சொன்னேன். அதையும் அப்படியே எழுதிவிடுகிறேன். "இந்த வயசிலயா? ஊரு சிரிக்கும். நீயும் ஒரு கேப்ஸ்யூல் போடு, அடங்கிரும்."

அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்தாளா என்பது எனக்கு ஞாபகம் இல்லை. நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே அவளும் ஒன்று போட்டாள். மறுநாளும் போட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். ஒன்றரை வருஷம் தனியாகக் கட்சி நடத்தியவனுக்கு முதல் தொண்டர் கிடைத்த மாதிரி. இரண்டு டம்ளர் வந்தது. நான் ஏழேகாலுக்குத் தீர்ப்பை வாசித்த பிறகு, உனக்கு எப்படி என்று கேட்பேன். கொஞ்சம் உப்பலா இருக்கு என்பாள். கேப்ஸ்யூல் பிடிக்க நாளாகும், நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று சொற்பொழிவு செய்வேன். ரெண்டு வாய் சாப்பிட்டா நிறைஞ்சு போகுது என்பாள். அது நல்லது, டாக்டர் என்னைக் குறைச்சுச் சாப்பிடச் சொன்னதே அதுக்குத்தானே என்பேன். என் வயிற்றுக்குள் ஒரு சின்னச் சத்தம் கேட்டால் மூன்று வெப்சைட் பார்க்கிறவன், அவள் சொன்னதற்கு ஒன்றுகூடப் பார்க்கவில்லை. என் பயத்துக்கு ஒரே ஒரு வயிறுதான் தெரியும்.

இடவம் போய் மிதுனம், கர்க்கடகம் போய் சிங்கம். மூன்று மாதம். ஓணத்துக்கு மகள் வந்தாள். இலையில் சாப்பாடு போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். மனைவி பருப்போடு இரண்டு வாய் பிசைந்து சாப்பிட்டுவிட்டு இலையை மூடினாள். மகள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி வளையல் முழங்கை வரை ஏறியிருந்தது. கை தூக்கினால் ஏறுகிறது, இறக்கினால் இறங்குகிறது.

"அம்மே, இது எப்போலேந்து?" என்று கேட்டாள்.

மெலியத்தானே எல்லாரும் பாடுபடுறாங்க என்று நான் ஆரம்பித்தேன். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து வந்து அம்மாவின் இடுப்புச் சேலையைத் தொட்டாள். கொசுவத்துக்குப் போதாமல் ஊக்கு குத்தியிருந்தது. கை குச்சி மாதிரி, வயிறு மட்டும் முன்னால். தினம் காலையில் அவள் எதிரே உட்கார்ந்திருந்தவன் நான்.

"அப்பா, இது கேஸ் ஒண்ணும் அல்ல" என்றாள் மகள். அப்போதும் அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

ஓணம் லீவு முடிந்த அன்று ஸ்கேன் எடுத்தோம். கர்ப்பப்பைப் பக்கத்துச் சினைப்பையில் வந்த புற்று, வயிறு முழுக்கப் பரவிவிட்டது. நான் தினம் தினம் என் வயிற்றுக்குள் தேடிய வியாதி என் வீட்டிலேயே, அடுத்த வயிற்றில் இருந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். மனைவி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கொஞ்ச நாள்தான் என்றாள். வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டார். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். திரும்ப என் கையில் கொடுத்து, இதனால் ஒன்றும் தப்பில்லை என்றார்.

மகளையும் மனைவியையும் வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மறுபடி உள்ளே போனேன். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். இந்த வியாதி வயிற்றுக் கோளாறு மாதிரியே வேஷம் போட்டு வரும், முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள், அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் கடைக்காரன். சரக்கு இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் இருக்கு, இல்லை இரண்டில் ஒன்று சொல்லிப் பழகியவன். சொல்ல முடியாது என்பதை எந்தத் தட்டில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்துதான் அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. வயிற்று விஷமத்தைத்தான் சொன்னாள் என்றால், உதவி கேட்டு வந்தவளைத் தமாஷ் பண்ணி அனுப்பியிருக்கிறேன். மகள் போன மூன்றாம் நாள் அல்லவா, மன விஷமத்தைச் சொன்னாளோ என்றும் தோன்றும். அப்படியானால் வியாதியைத் தவறவிட்ட பழி என்மேல் இல்லை. ஆனால் இருபத்து நாலு வருஷமாக அவள் வருத்தம் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் குறும்பு என்று கேட்டவன் ஆகிறேன். பஸ்ஸில் ஒன்று, கடையில் மற்றது என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மலையாளத்தில் எடுத்தால் எந்தப் பக்கமும் எனக்குத் தப்பிக்க வழி கிடையாது. தமிழில் எடுத்தால் மட்டும்தான் நான் தப்பிப்பேன். ஒரு மனுஷி காலை ஆறரைக்கு வந்து, எனக்குக் கொஞ்ச நாளாகக் குறும்பு இருக்கிறது என்று சொல்வாளா?

மருந்து ஏற்றினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. தலைமுடி போயிற்று. டீச்சர் தினம் கஞ்சி கொண்டுவருவார், மீன் இல்லாத பாத்திரத்தில் வைத்தது என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக் கொடுப்பார். மகள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அந்த ஏழு மாதமும் என் வயிறு கடிகாரம் மாதிரி ஓடியது. ஒரு ஏப்பம் இல்லை, ஒரு உப்பல் இல்லை. நேரம் தவறிச் சாப்பிட்டேன், ஆஸ்பத்திரி கேன்டீன் பொரோட்டாவைச் சாப்பிட்டேன், ஒன்றும் செய்யவில்லை. அவ்வளவு காலம் என்னை ஆட்டிவைத்த வயிறு இதுதானா என்று இருந்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கேப்ஸ்யூல் மட்டும் நிறுத்தவில்லை. அவள் விடமாட்டாள். படுத்த இடத்திலிருந்தே ஆறரைக்கு, போட்டியளா என்று கேட்பாள்.

மகர மாதத்தில் ஒரு மத்தியானம். மருந்து ஏற்றி நாலாம் நாள், கொஞ்சம் தெளிவாக இருந்தாள். மகள் அடுத்த அறையில் கம்ப்யூட்டர் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக்கூடாது என்று எத்தனையோ நாள் அடக்கிவைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"இடவப்பாதி மழையில, மோள் போன வாரம், விஷமம்னு சொன்னியே. அது எந்த விஷமம்?"

அவள் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"தமிழ் விஷமம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. தலையணையில் தலையை என் பக்கம் திருப்பினாள். "உங்க ஊர் விஷமம்தான், கேட்டியளா. அந்த அட்டையில எழுதியிருந்தத நான் மொத நாளே வாசிச்சேன். ஃபிரிட்ஜ் வேண்டாம்னு. சொல்லல."

"மொத நாளேவா?"

"மொத நாளே. டீச்சர் வீட்டு மத்திக்குப் பக்கத்துல கொண்டு வச்சியளே. நாரோயிலுக்கு ஐஸைத் தூக்கிட்டு வந்தியளே. அந்த ஆளு எந்திரிச்சு எடம் தந்தாரே." சிரிப்பு வந்து மூச்சு முட்டியது. நான் தண்ணீர் கொடுக்கப் போனேன். கையைக் காட்டி வேண்டாம் என்றாள். "அதச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன். கொஞ்ச நாளா விஷமம் உண்டுன்னு. நீங்க எங்க சொல்ல விட்டியள்."

முதல் நாளே படித்தாள் என்பது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். கன்னத்தில் கை வைத்து அவள் ஆச்சரியப்பட்ட அழகு எனக்கு இப்போதுதான் விளங்கியது. குலுங்கிய தோளும் விளங்கியது. நான் தமாஷ்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்த வீட்டில், ஒன்றரை வருஷம் என்னை ஐஸும் பிளாஸ்க்குமாக ஓடவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்து ரசித்திருக்கிறாள்.

ஆனால் மருந்துக்கடைப் பெண் அந்த அட்டையை எனக்குக் காட்டியது மீனத்தில். அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னது இடவத்தில். இடவத்தில் அவளிடம் சொல்வதற்கு அந்த ரகசியம் மிச்சமே இல்லை. டப்பா ஃபிரிட்ஜை விட்டு அலமாரிக்கு வந்து இரண்டு மாதம் தாண்டியிருந்தது. அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுதான் அவள் பேசினாள்.

வாயைத் திறந்துவிட்டேன். மீனத்திலேயே தெரிஞ்சு போச்சே என்ற சொல் தொண்டை வரை வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்யப்போகிறேன் என்று காத்திருக்கிற பார்வை.

நான் சிரித்தேன். பலமாகவே சிரித்தேன். அடுத்த அறையில் மகள் பேச்சை நிறுத்தியது கேட்டது. இப்படியா ஒரு மனுஷன ஏமாத்துவே என்று அவள் பாதத்தில் தட்டினேன். தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நல்லா ஏமாந்தியள்" என்றாள். திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுபடி அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அடுத்த மீன மாதம் முடியுமுன்னே போய்விட்டாள். கடைசி இரண்டு நாள் அவள் பேசியது எல்லாம் மலையாளம். வெள்ளம் என்று தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். அம்மாவைக் கேட்டாள், என்னிடம் இல்லை.

பதினாறு முடிந்து, மகள் மறுபடி கழக்கூட்டம் போய், வீட்டில் நான் ஒருவன் ஆன வாரம் பழைய ஏப்பம் திரும்ப வந்தது. வரட்டும் என்று ஒரு மாதம் விட்டேன். சாப்பாடு இறங்கவில்லை என்று தெரிந்ததும் மகள் போனில் திட்டினாள். அதே வயிற்று டாக்டரிடம் போனேன். அவள் போனது அவருக்குத் தெரியாது. என்னைப் படுக்கவைத்தார். அதே கட்டில், அதே ஃபேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "விஷமம் வல்லதும் உண்டோ?" என்று கேட்டார்.

"உண்டு" என்றேன்.

"எவிடே?"

எங்கே என்று நான் சொல்லாததால் அவரே அழுத்திப் பார்க்கத் தொடங்கினார். வலது பக்கம் அழுத்தி, இவிடே? உண்டு என்றேன். தொப்புளுக்கு மேலே, இவிடே? உண்டு. இடது விலாவுக்குக் கீழே, இவிடே? உண்டு. அவர் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

"வைஃப் இன்னு வந்தில்லே?"

இல்லை என்றேன். வாய்த் தமாஷ் ஏதாவது கிடைக்குமா என்று நிஜமாகவே தேடிப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. என்னைக் கையைப் பிடித்து எழுப்பி உட்காரவைத்தார், வெளியே காத்திருக்கிறவர்களை மறந்த மாதிரி கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றார். பிறகு போய் மேசையில் உட்கார்ந்து எழுதினார். இரண்டு டெஸ்ட். ஏப்பத்துக்கு மாத்திரை. காலையில் அதே கேப்ஸ்யூல், ஒரு மாதம்.

வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஃபிரிட்ஜைத் திறந்து, கதவில் முட்டை வைக்கிற குழிகளில் ஒவ்வொன்றாக வைத்தேன். வேண்டாம் என்று அட்டையில் எழுதியிருப்பது எனக்குத் தெரியும்.